ஓர் எண்ணுக்கு இருவர்

சென்ற கிழமை, மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதிலே, பூவரசங்குளத்தில் எமது வீட்டு விறாந்தையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டு நிமிர்ந்தோம். பதினோராந் தரத்தில் பயிலும் மாணவி ஒருத்தி, மடிக்கணினியைத் துணியிற் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்துகொண்டிருந்தாள். முகத்திலே சினமும் சோர்வும் ஒருங்கே தெரிந்தன.

ஊர் வாசிகசாலையின் அங்கத்தவர் இடாப்பைக் கணினியில் ஏற்றும் பணியை அவள் தானாகவே ஏற்றிருந்தாள். இடாப்பின் ஓரங்களைக் கறையான் அரிக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு மாரி கழிந்தால் பெயர்களும் எஞ்சா. ஆதலால், வகுப்பிலே கற்ற தரவுத்தளப் பாடத்தை ஊருக்குப் பயன்படுத்தலாம் என்று அவள் எண்ணியது பாராட்டத்தக்கதே. முதல் அறுபது பெயர்கள் இடரின்றி ஏறிவிட்டன. அடுத்த நாற்பதிலேதான் வில்லங்கம் வந்தது.

“சேர், நாற்பது பேரையும் ஒரே கட்டளையிலே கொடுத்தேன். அதிலே ஒருவருடைய எண் ஏற்கெனவே இருக்கிறதாம். அந்த ஒருவருக்காக நாற்பது பேரையும் திருப்பிவிட்டது. இது நியாயமா?”

திரையை நோக்கினோம். மை-எஸ்-கியூ-எல் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் யாவரும் ஒருநாளேனும் கண்டிருக்கக்கூடிய 1062 என்னும் பிழை எண் அங்கே நின்றது. “இச்சாவிக்கு இரட்டைப் பதிவு” என்பது அதன் பொருள்.

“கொழும்பிலிருக்கிற அண்ணாவிடம் தொலைபேசியிலே கேட்டேன். ‘இன்சேட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘றிப்ளேஸ்’ என்று போடு, வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்றார். போடட்டுமா சேர்?”

“பொறும் பிள்ளை. அந்தச் சொல்லை இப்போதைக்குத் தொடவேண்டாம். முதலில் இப்படி அமரும்” என்றோம். அன்று அவளுக்குச் சொன்னவற்றையே இங்கே வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றோம். கணினியைத் தொடாதவர்களும் இதனை வாசிக்கலாம். ஏனெனில் இது கணினியைப் பற்றிய செய்தி மாத்திரம் அன்று; ஒரு பட்டியலிலே மனிதரை எவ்வாறு எழுதுவது என்பதைப் பற்றியது.

* * *

தரவுத்தளத்திலே ஓர் அட்டவணை என்பது நாம் அறிந்த இடாப்பைப் போன்றதே. ஒருவருக்கு ஒரு நிரை. பெயர், முகவரி, பிறந்த திகதி என்பன நிரல்கள். இவற்றுள் ஏதேனும் ஒரு நிரல், ஒவ்வொரு நிரையையும் மற்றெல்லா நிரைகளிலிருந்தும் பிரித்துக் காட்டவேண்டும். அதனைப் பாடநூல்கள் முதன்மைச் சாவி என்கின்றன. சாவி என்றதும் எங்கள் ஊரிலே நாம் ‘திறப்பு’ என்று வழங்கும் பொருளே நினைவுக்கு வரும். இது பூட்டைத் திறக்கும் திறப்பன்று. கூட்டத்தின் நடுவே ஒருவரை மட்டும் சுட்டும் விரல் என்று கொள்வது பொருந்தும்.

ஐ.பி.எம். நிறுவனத்திலே பணியாற்றிய எட்கார் கொட் என்னும் ஆங்கிலேயர் 1970ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையே இன்றைய தரவுத்தளங்களுக்கு அடிப்படை. முதன்மைச் சாவி என்னும் கருத்து அக்கட்டுரையிலேயே இடம்பெற்றுள்ளது. அதன் சாரம் மிக எளியது: ஓர் அட்டவணையில் ஒரே சாவியோடு இரண்டு நிரைகள் இருத்தலாகாது.

அப்படியாயின் எதனைச் சாவியாகக் கொள்வது? பெயரை என்று முதலில் தோன்றும். வன்னியிலே வாழும் நமக்கு அதன் குறை நன்கு தெரியும். குளத்தைக் கொண்டு ஊருக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். புதுக்குளம் என்று பெயர் பெற்ற ஊர் வன்னியிலே ஒன்று மட்டும் அன்று. “புதுக்குளத்திலே பெண் பார்த்திருக்கிறோம்” என்று ஒருவர் சொன்னால், “எந்தப் புதுக்குளம்?” என்று கேளாத வயோதிபர் உண்டோ? ஊருக்கே இவ்வாறெனின் ஆளுக்குச் சொல்லவும் வேண்டுமா? தந்தை பெயரின் முதலெழுத்து, பின்னர் தன் பெயர் என்று எழுதும் வழக்கத்தினால், ஒரே வகுப்பிலே ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரு பிள்ளைகள் அமர்ந்திருப்பதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

ஆகவேதான் அரசாங்கங்கள் எண்ணை நாடுகின்றன. இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்வோம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் இவ்வட்டை வழங்கப்பட்டு வருகின்றது. பழைய அட்டையிலே ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500ஐக் கூட்டுவர். அதன்பின் மூன்று இலக்க வரிசை எண். ஒன்பதாவது சரிபார்க்கும் இலக்கம்.

எடுத்துக்காட்டாக, 1985ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண்ணின் எண் 85561 என்று தொடங்கும். பெப்ரவரிக்கு 28 நாள்களே உள்ள ஆண்டிலே மார்ச் முதலாந் திகதி அறுபதாம் நாளாயிற்றே, 61 எவ்வாறு வந்தது என்று மாணவர் கேட்கலாம். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே கொண்டு எண்ணுவது இம்முறையின் விதி. வீட்டிலுள்ளோரின் அட்டையை வாங்கி இதனைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இத்துணை நுட்பமாக அமைந்த எண்ணிலும் ஒரு குறை மறைந்திருந்தது. ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள். 1905இல் பிறந்த பாட்டிக்கும் 05. 2005இல் பிறந்த பேர்த்திக்கும் 05. இருவரும் ஒரே நாளிற் பிறந்து, வரிசை எண்ணும் ஒன்றாய் அமையுமானால், நூறாண்டு இடைவெளியுள்ள இரு பெண்கள் ஓர் எண்ணுக்கு உரியராவர். 2000ஆம் ஆண்டிலே பிறந்த பிள்ளைகள் பதினாறு வயதை எட்டிய ஆண்டு 2016. அவ்வாண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் பன்னிரண்டு இலக்கப் புதிய எண் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு நான்கு இலக்கம், நாளுக்கு மூன்று, வரிசைக்கு நான்கு, சரிபார்க்க ஒன்று. இறுதி எழுத்து இல்லை. பாட்டியும் பேர்த்தியும் மோதிக்கொள்ளாமல், நாடே தன் இடாப்பின் சாவியை மாற்றியமைத்தது என்று சொல்லலாம்.

* * *

இனி, மோதல் நேர்ந்தபின் செய்வது என்ன என்பதைப் பார்ப்போம். புதிதாக ஒரு நிரை வருகின்றது; அதே சாவியோடு பழைய நிரை ஒன்று முன்னரே இருக்கின்றது. கணினிக்கு நான்கு வகையாக மறுமொழி கூறப் பழக்கலாம்.

முதலாவது, மறுத்தல். வேறொன்றும் சொல்லாவிடின் கணினி செய்வது இதுவே. சங்கக்கடை மனேச்சர் கண்டிப்பானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். “இந்த அட்டைக்கு ஏற்கெனவே பதிவு இருக்கிறது. என்னவென்று பார்த்துக்கொண்டு வாரும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். எம் மாணவியின் நாற்பது பேரும் திரும்பிய காரணம் இதுவே. ஒரே கட்டளையிற் கொடுத்தவை யாவும் ஒரே மூட்டை. மூட்டையில் ஒன்று பிழைத்தால் முழுவதும் திரும்பும். பாதி ஏறியும் பாதி ஏறாமலும் நின்று, எவை ஏறின என்று தேடித் திரிவதிலும் இது நன்று அன்றோ?

இரண்டாவது, புறக்கணித்தல். ‘இன்சேட்’ என்பதோடு ‘இக்னோர்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள எண்ணோடு வருபவரைச் சத்தமின்றி விட்டுவிட்டு, மற்ற முப்பத்தொன்பது பேரையும் ஏற்றிக்கொள்ளும். ஒரே பட்டியலை இருமுறை ஏற்ற நேர்ந்தால் இது மிகவும் உதவும். ஆயினும் இரண்டு தீங்குகள் உண்டு. விடுபட்டவர் வேறொருவராயின், அவர் விடுபட்டதே எவருக்கும் தெரியாது. மேலும், மை-எஸ்-கியூ-எல்லிலே இச்சொல் இரட்டைப் பதிவை மட்டும் பொறுத்துக்கொள்வதில்லை. நிரலிலே அடங்காத நீண்ட பெயரை வெட்டி ஏற்றுவது போன்ற வேறு பிழைகளையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும்.

மூன்றாவது, மாற்றீடு. அண்ணா சொன்ன ‘றிப்ளேஸ்’ இதுவே. பெயரைப் பார்த்துப் பழைய நிரையைத் திருத்தும் கட்டளை என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. பழைய நிரையை முற்றாக அழித்துவிட்டுப் புதிய நிரையை அதன் இடத்திலே எழுதுகின்றது. புதிய பதிவிலே முகவரி சொல்லப்படாவிடின், பழைய முகவரி எஞ்சாது. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஓர் அங்கத்தவர் அழிந்தால் அவர் இரவல் பெற்ற நூல்களின் பதிவும் உடன் அழியட்டும் என்று அட்டவணைகளைப் பிணைத்திருந்தால், இந்த ஒரு சொல்லால் அந்தப் பதிவுகளும் போய்விடும்.

நான்காவது, இற்றைப்படுத்தல். “புதிதாயின் ஏற்று, ஏற்கெனவே இருந்தால், நான் சொல்லும் நிரல்களை மட்டும் திருத்து” என்பது இக்கட்டளை. பழைய நிரை அப்படியே இருக்கும். தொலைபேசி எண் மட்டும் மாறும். மை-எஸ்-கியூ-எல்லிலே இது நெடுங்காலமாக உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்துக்கு இந்த வசதி 2016 சனவரியிலே, அதன் 9.5ஆம் பதிப்போடு வந்தது. நம் நாட்டிலே புதிய அடையாள எண் பிறந்த அதே மாதம்! எந்தச் சாவியின் மோதலைப் பற்றிப் பேசுகிறீர் என்று போஸ்ட்கிரெஸ் பெயர் குறித்துக் கேட்கும். மை-எஸ்-கியூ-எல் அவ்வாறு கேட்பதில்லை. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட தனித்த சாவிகள் உள்ள அட்டவணையிலே, எந்த நிரை திருத்தப்படும் என்று உறுதி சொல்ல இயலாது. அங்கே இதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

நான்கிலே எது சிறந்தது என்று மாணவி கேட்டாள். நான்கும் கருவிகளே. வந்தவர் பழைய ஆளே என்றால் இரண்டாவதோ நான்காவதோ பொருந்தும். வேறு ஆள் என்றால் முதலாவதைத் தவிர மற்றெல்லாம் தீங்கு. ஆகவே, முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றே: வந்திருப்பவர் அவரேயா, வேறொருவரா? இந்த வினாவுக்குக் கணினியிடம் விடை இல்லை. 1062 என்னும் எண்ணின் மூலம் அது எம்மிடமே கேட்கின்றது.

* * *

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எமக்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை நாமே பிழைத்தோம்.

2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களிலே இருந்தனர். எமது ஊரைத் தொட்டுச் செல்லும் மன்னார் வீதியாற் சென்றால், செட்டிகுளத்துப் பக்கமாக மெனிக் பாம் முகாம்கள் பரந்து கிடந்தன. அவை 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டன. அந்நாளிலே, பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகளும் சப்பாத்தும் வழங்குவதற்காக ஓர் அமைப்பு விபரம் திரட்டியது. கையால் நிரப்பிய படிவங்கள் கட்டுக்கட்டாக வவுனியாவுக்கு வந்தன. கணினி தெரிந்த இளம் ஆசிரியர் என்ற முறையிலே, அவற்றை அட்டவணையில் ஏற்றும் பணி எமக்குக் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள் பலவும் வரும் வழியிலே தொலைந்துவிட்டன. ஆகவே முதலெழுத்து, பெயர், பிறந்த ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சாவியாக்கினோம். ஒரே பிள்ளைக்கு இரண்டு படிவங்கள் நிரப்பப்பட்டிருக்கக்கூடும் என்று எங்களை எச்சரித்திருந்தார்கள். தாய் ஒரு படிவம் கொடுக்க, பேரனார் வேறொரு படிவம் கொடுத்திருப்பார். இரட்டையை நீக்குவதே எமது கவலையெல்லாம். இரவு நெடுநேரம் விழித்திருந்தோம். கணினி மீண்டும் மீண்டும் மறுத்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் படிவத்தைத் தேடிப் பார்க்க இயலாது என்று எண்ணி, ‘றிப்ளேஸ்’ என்னும் சொல்லை எழுதினோம். மறுப்பு நின்றது. வேலை விரைவாக முடிந்தது. நிம்மதியாக உறங்கினோம்.

பட்டியல் முகாமிலே ஒட்டப்பட்ட மூன்றாம் நாள், அங்கே கற்பித்துவந்த நண்பர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. ஒரு தாய் பட்டியலின் முன்னே காலையிலிருந்து நிற்கின்றாளாம். தன் மகனுடைய பெயர் இருக்கின்றது. ஆனால் அவனுடைய ஊர் இல்லை, தாயின் பெயராகத் தன் பெயரும் இல்லை என்கிறாளாம். கொப்பியும் சப்பாத்தும் கிடைக்காவிட்டாலும் போகட்டும், “என் பிள்ளை இருக்கிறான் என்று எழுதுங்கள்” என்கிறாளாம்.

அக்காலத்திலே பட்டியலிற் பெயர் இல்லை என்பது எழுத்துப்பிழை அன்று என்பதை இப்பக்கத்தை வாசிப்போருட் பலர் அறிவர். அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

படிவக் கட்டுகளை மீண்டும் அவிழ்த்தோம். ஒரே முதலெழுத்து, ஒரே பெயர், ஒரே பிறந்த ஆண்டு. ஆயின் ஒருவன் கிளிநொச்சிப் பக்கம், மற்றவன் முல்லைத்தீவுப் பக்கம். பின்னே வந்த பிள்ளையை ஏற்றும்போது, முன்னே இருந்த பிள்ளையை எமது கட்டளை அழித்துவிட்டது. கணினி எமக்கு அதனைச் சொல்லத்தான் முயன்றது. வாயை மூடு என்று சொன்னவர் நாமே. காகிதப் படிவம் இருந்தமையால் அப்பிள்ளையின் நிரை மீண்டது. வேறு எத்தனை பிள்ளைகளை அவ்வாறு அழித்திருந்தோம் என்று அறிய, ஒவ்வொரு படிவத்தையும் மறுபடி ஒப்பிட்டு முடிக்க நான்கு இரவுகள் பிடித்தன. இம்முறை ஒவ்வொரு படிவத்துக்கும் சிவப்பு மையால் வரிசை எண் இட்டு, அதனையே சாவியாக்கினோம். பெயர் ஒத்தவர்களைத் தனியே ஒரு தாளில் எழுதி, நேரிலே விசாரித்து வரும்படி நண்பரிடம் கொடுத்தோம். இரட்டை என்று எண்ணியவற்றுள் மெய்யாகவே இரட்டையாய் இருந்தனவும் உண்டு, இல்லாதனவும் உண்டு. நேரிற் கேட்டபின்பே இரண்டும் வேறாகத் தெரிந்தன.

* * *

மாணவி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அப்படியானால் ஏற்றுவதற்கு முன்பே, இந்த எண் இருக்கிறதா என்று நானே தேடிப் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் மட்டும் ஏற்றினால் என்ன சேர்?” என்றாள்.

நல்ல வினா. தனி ஒருவர் எழுதும் இடாப்புக்கு அது போதும். இருவர் எழுதினால்? ஒரே அங்கத்தவரை இரு மேசைகளில் இருவர் பதிகின்றனர். இருவரும் ஒரே கணத்திலே தேடுகின்றனர், இருவருக்கும் “இல்லை” என்றே விடை வருகின்றது, இருவரும் ஏற்றுகின்றனர். தேடுவதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியே இரட்டைப் பதிவின் பிறப்பிடம். ஆதலால், ‘இவ்வெண் ஒருமுறைதான் வரலாம்’ என்னும் விதியை அட்டவணையிலேயே எழுதிவைக்க வேண்டும். தேடிப் பார்ப்பது நமது வசதிக்கு. காவல் நிற்பது அவ்விதியே.

இன்னும் சில சிறு குறிப்புகளையும் அவளுடைய கொப்பியில் எழுதுவித்தோம். மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கும் தருகின்றோம்.

அடையாள அட்டை இல்லாதவருக்கு அந்நிரலை மெய்யாகவே வெறுமையாக விடவேண்டும். ‘பெறுமானம் இல்லை’ என்பது வேறு, ஒன்றும் எழுதாத வெற்றுச் சரம் வேறு, பூச்சியம் வேறு. பெறுமானம் இல்லாத நிரைகள் எத்தனை இருந்தாலும் தனித்த சாவி பொறுத்துக்கொள்ளும். பூச்சியத்தையோ வெற்றுச் சரத்தையோ இட்டால், இரண்டாவது ஆள் வரும்போதே இரட்டை என்று மறுக்கும்.

ஒரே மனிதரின் எண் ஓர் ஏட்டிலே பழைய வடிவிலும் மற்றோர் ஏட்டிலே புதிய வடிவிலும் இருக்கலாம். கணினிக்கு அவை இரண்டு எண்கள். இங்கே மோதல் நேராது, நேராதிருப்பதே பிழை. பழைய எண்ணுக்கு முன்னே 19ஐச் சேர்த்து, நாளெண்ணுக்குப் பின்னே ஒரு பூச்சியத்தை நுழைத்து, இறுதி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிய பின்பே ஏற்றவேண்டும்.

இறுதியாக, தானாக வளரும் வரிசை எண்ணிலே இடையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் அஞ்சவேண்டாம். மறுக்கப்பட்ட பதிவும் சிலவேளை ஓர் எண்ணைச் செலவழித்துவிடும். எண் விடுபட்டதனால் ஆள் விடுபட்டார் என்று ஆகாது.

* * *

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. “யாரும் உம்மை அவசரப்படுத்தவில்லையே, நாளை அந்த ஒருவரை மட்டும் நேரிலே கேட்டுவிட்டு வாரும்” என்று சொல்லி அனுப்பினோம்.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் அவள் வந்தாள். அன்று முகத்திலே சினம் இல்லை.

புதிதாகச் சேர வந்தவர் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர். தையல் வேலை செய்பவர். அவருடைய எண்ணோடு ஏற்கெனவே பதிவாகியிருந்தவன் அவருடைய மகன். பத்து வயதுச் சிறுவன். அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்கு, தாயின் எண்ணை வாசிகசாலையிலே எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று அதிலே யாருக்கும் பிழை தெரியவில்லை. தாயும் ஒருநாள் நூல் வாசிக்க வருவாள் என்று எவரும் எண்ணவில்லை!

“றிப்ளேஸ் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தேன் சேர். அந்தப் பெடியன் இரண்டு வருஷத்திலே எடுத்துப் படித்த நாற்பத்தேழு புத்தகங்களின் பதிவும் அழிந்திருக்கும். அம்மாவை உள்ளே விட்டு மகனை வெளியே தள்ளியிருப்பேன்.”

“இப்பொழுது என்ன செய்தீர்?”

“எல்லாருக்கும் வாசிகசாலையின் சொந்த இலக்கம் ஒன்று கொடுத்தேன். அதுதான் முதன்மைச் சாவி. அடையாள அட்டை இலக்கத்துக்கு வேறொரு நிரல். அதுவும் ஒருமுறைதான் வரலாம்; ஆனால் இல்லாதவருக்கு வெறுமையாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாதுகாவலரின் இலக்கம் என்று தனியாக ஒரு நிரல். அது எத்தனை முறையும் வரலாம். ஒரு தாய்க்கு நாலு பிள்ளைகள் இருக்கலாம் அல்லவா சேர்?”

நாம் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு படி மேலே அவள் சென்றுவிட்டாள். ஆசிரியருக்கு இதனினும் வேண்டுவது யாது?

அன்று மாலை வாசிகசாலைப் பக்கம் சென்றபோது, அந்தச் சிறுவன் வாங்கிலே அமர்ந்து ஏதோ கதைப்புத்தகத்தில் ஆழ்ந்திருந்தான். அருகே அவனுடைய தாய், தன் முதற்புத்தகத்தைத் தெரிந்தெடுக்க இயலாமல் இறாக்கையின் முன்னே நின்றுகொண்டிருந்தார். இருவர், இரண்டு நிரைகள்.

இளைஞர்களே! நீங்கள் நாளை வங்கியிலோ வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ பட்டியல் எழுதுவீர்கள். “இவர் ஏற்கெனவே இருக்கின்றார்” என்று கணினி மறுக்கும்போது, அதனை எவ்வாறு வாயடைப்பது என்று கேளாதீர்கள். இருப்பவர் யார், வந்தவர் யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவாகும் கால்மணி நேரம், பட்டியலின் முன்னே காலையிலிருந்து நிற்கும் ஒரு தாயைக் காக்கக்கூடும்.